கடலுக்கு வீடு மாற்றிய கதை

எங்கள் கல்லூரி விலங்கியல் துறையில் இப்போது கடல் தொட்டியே ஃபோன் பண்ணுகிறதாம். உப்பு கூடினால் ஒரு மணி அடிக்கும், சூடு ஏறினால் இன்னொரு மணி அடிக்கும். நான் இருந்த இடத்தில் இப்போது இருப்பவர்கள் போன மாதம் வீட்டுக்கு வந்து ஃபோனை நீட்டிக் காட்டினார்கள். "இருந்த எடத்துல இருந்தே பாத்துக்கிடலாம் அண்ணாச்சி" என்றார்கள். நல்லதுதான். தண்ணீர் கெட்டால் முதலில் மாறுவது வாசனை, அதை ஃபோன் சொல்லுமா என்று கேட்டேன். கிழவன் வம்புக்கு வருகிறான் என்று நினைத்துச் சிரித்தார்கள். அடுத்த வருஷம் இன்னும் பெரிய தொட்டி வரப்போகிறதாம். முன்பு ஒரு தடவை சின்னதிலிருந்து பெரியதற்கு மாற்றினோமே, அதன் முறையை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பக்கம் போதுமாம்.

ஒரு பக்கத்தில் எழுதுகிற ஆள் நான் இல்லை. அன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். முறை அதற்குள்ளேயே கிடக்கும், வேண்டியவர்கள் பொறுக்கி எடுத்துக்கொள்ளட்டும்.

என் ஊர் விக்கிரமசிங்கபுரம். அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தார். என்னையும் மில்லில் சேர்க்கத்தான் அவருக்கு ஆசை, ஆனால் பஞ்சுத் தூசி எனக்கு ஆகவில்லை, இழுப்பு வந்துவிடும். பாளையங்கோட்டைக் கல்லூரியில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. தவளையைப் பலகையில் குத்தி வைக்கவும், ஃபார்மலின் புட்டிகளை மாற்றவும், கண்ணாடித் தகடுகளைக் கழுவவும் கற்றுக்கொண்டதில் ஆறு வருஷம் போயிற்று. அந்த ஆறு வருஷத்தில் நான் தொட்டது எல்லாம் செத்தவை.

பிறகு கடல் வந்தது. கடத்திக்கொண்டு போகும்போது பிடிபட்ட பவளக் கற்கள் கொஞ்சம், உயிரோடு, வனத்துறை வழியாக எங்கள் துறைக்கு வந்து சேர்ந்தன. அனுமதிக் கடிதம் போட்டு, பராமரிக்கும்படி ஒப்படைத்தார்கள். அதில் ஒரு கல்லின் இடுக்கில் எட்டணாக் காசு அகலத்துக்கு ஒரு கடற்சாமந்தி ஒட்டிக்கொண்டிருந்தது. பூ மாதிரி இருக்கும், ஆனால் பூ இல்லை, வாயும் வயிறும் உள்ள பிராணி. அது வளர்ந்து வளர்ந்து சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்தது. இரண்டு கோமாளி மீன்கள் அதற்குள் குடியிருந்தன. கண்ணாடியில் நத்தைகளும் பாறை இடுக்கில் இறால்களும் இருந்தன.

அதை வளர்த்தது எங்கள் துறைத் தலைவர் சிவகாமி மேடம். அவர் பேசினால் ஃபேனை நிறுத்தினால்தான் காது கேட்கும், அவ்வளவு மெல்லிய குரல். அவர் வாயிலிருந்து 'சீக்கிரம்' என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. எதற்கெடுத்தாலும் "பைய, செல்லையா, பைய" என்பார். தொட்டிக்குள் கை விடுவதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். சோப்பு கூடாது, எண்ணெய் கூடாது, பவுடர் கூடாது. தொட்டித் தண்ணீரையே ஒரு மக்கில் எடுத்து முழங்கைக்கு மேலே வரை மூன்று தடவை கழுவ வேண்டும். வெள்ளிக்கிழமை நான் கையில் திருநீற்றுப் பட்டையோடு வருவேன். மேடமும் பட்டை போடுகிற வீட்டுக்காரர்தான். இருந்தாலும் விட மாட்டார். "சாமி கோவிச்சுக்கிடாது செல்லையா. இதுக கோவிச்சுக்கிடும்" என்பார்.

மத்தியானம் மூன்று மணிக்கு மேற்கு ஜன்னல் வெயில் தொட்டிக்குள் இறங்கும். அந்த வெளிச்சம் தண்ணீரில் ஆடி, சுவரெல்லாம் வலை வலையாக நெளியும். மேசை, எலும்புக்கூடு, கரும்பலகை எல்லாம் நீருக்கடியில் இருப்பது போலத் தோன்றும். கடற்சாமந்தியின் விரல்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். பம்பு மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஒரு வேலையும் இல்லாமல் அப்படியே நான் நின்றிருக்கிறேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேடம் பக்கத்தில் வந்து நின்றதுகூடத் தெரியாமல் போயிருக்கிறது. அவரும் கூடவே நின்று பார்ப்பார். வேலை நேரத்தில் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று ஒரு நாளும் என்னை அவர் கேட்டதில்லை.

மேடத்துக்கு ஓய்வு வயது நெருங்கியது. அந்த வருஷத் தொடக்கத்தில்தான், மூன்று மடங்கு பெரிய தொட்டி வாங்கப் போவதாகச் சொன்னார். எனக்குப் புரியவில்லை. இருக்கிற தொட்டிக்கு என்ன குறை? கேட்டேன்.

"சின்னத் தொட்டி கோவக்காரி செல்லையா. ஒரு நாள் ஒரு தப்பு பண்ணினாப் போதும், மறுநாளே கொன்னு போட்டுரும். பெரிய தொட்டின்னா தண்ணி ஜாஸ்தி. சின்னத் தப்பெல்லாம் அதுல கரைஞ்சிரும். நான் போன பெறகு யாரு பாத்தாலும் தாங்கும்லா?"

யார் பார்த்தாலும். அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. அவர் போனபிறகு பார்க்கப் போவது நான்தானே? அத்தனை வருஷமாக உப்பு பார்த்து, கண்ணாடி துடைத்து, வற்றின அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வந்தவன் நான். நான் தப்புப் பண்ணுவேன் என்று முடிவு கட்டி, என் தப்புக்காகவே ஒரு தொட்டி வாங்குகிறாரா?  மனசுக்குள் கறுவிக்கொண்டேதான் இருந்தேன். இந்த மாற்றலில் ஒரு சின்னப் பிசகுகூட வராமல் நடத்திக் காட்டுகிறேன், அப்புறம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

மணப்பாட்டிலிருந்து கடல் தண்ணீர் வந்தது. அலை ஓய்ந்த பங்குனி மாதத்தில், வாய் ஓயாமல் பேசுகிற டிரைவர் இசக்கியின் லோடு ஆட்டோவில் கேன் கேனாகக் கொண்டு வந்து, புதுத் தொட்டியை முக்கால்வாசி நிரப்பினோம். அதில் பழைய தொட்டியிலிருந்து இரண்டே இரண்டு பாறையைப் போட்டு, ஒரு மாதத்துக்கு மேல் பம்பை மட்டும் ஓட விட்டோம். தண்ணீருக்கும் வயசாக வேண்டும் என்பார் மேடம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதில் குடியேறினால்தான் மீன் போட்ட கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்யும். அது வரைக்கும் காத்திருக்க வேண்டும். இரண்டு தொட்டியிலும் உப்பும் சூடும் ஒன்றாக நிற்கிற வரை தினமும் அளந்து நோட்டில் எழுதினேன்.

கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தோம். கல்லூரியில் ஈ காக்கை இல்லை. காலை ஆறு மணிக்கு மேடம், நான், இசக்கி மூன்று பேரும் கூடினோம். கழுவிக் காயவைத்த எட்டு நீல டிரம்கள் வரிசையாக நின்றன. மேடம் ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் தலையை விட்டு மோந்து பார்த்தார். ஆறாவது டிரம்மில் நின்றார். மறுபடியும் மோந்தார்.

"இதுல பினாயில் இருந்திருக்கு."

"மூணு தடவ கழுவினேன் மேடம்" என்றான் இசக்கி.

"முப்பது தடவ கழுவினாலும் பிளாஸ்டிக் மறக்காதுப்பா. தூக்கி வெளிய வைங்க."

வேலையை ஆரம்பித்தோம். முதலில் பழைய தொட்டியின் மேல் தண்ணீரை, அடிமணல் கலங்காமல், ஹோஸ் வைத்து டிரம்களில் இறக்கினோம். பழைய தண்ணீர்தான் முக்கியம், புது வீட்டுக்குப் போகிற உயிர்களுக்குப் பழகின தண்ணீர் கூடப் போக வேண்டும். அடிமணலைக் கிளறக் கூடாது. வருஷக்கணக்கில் கிடந்த மணலுக்கு அடியில் அழுகின முட்டை வாசம் அடிக்கிற வாயு இருக்கும், கிளறினால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். பாறைகளை ஒவ்வொன்றாக, காற்றுப் படாமல், தண்ணீருக்குள்ளேயே டப்பில் வைத்துத் தூக்கினோம். மீனைத் துரத்தவில்லை. தண்ணீர் இறங்க இறங்க அதுகளே ஒரு மூலைக்கு வந்து நின்றன, டப்பாவை அடியில் கொடுத்து ஏந்தி எடுத்தோம்.

கடற்சாமந்தியை மேடம்தான் எடுத்தார். அதன் பாதத்தைப் பாறையிலிருந்து பிய்க்கக் கூடாது, கிழிந்தால் பிழைக்காது. பாறையோடு சேர்த்து, பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டித் தூக்குகிற மாதிரி, இரண்டு கையையும் அடியில் கொடுத்து எடுத்தார். அது சுருங்கி உள்ளே போனது. கோமாளி மீன் இரண்டும் தனி டப்பாவில் பதறி அலைந்தன. புதுத் தொட்டியின் பம்பு வாய்க்கெல்லாம் ஸ்பாஞ்சு கட்டியிருந்தேன், இடம் பிடிக்காமல் கடற்சாமந்தி நகர்ந்து போனால் பம்பு உறிஞ்சிவிடும் என்பதற்காக.

ஒன்பது மணிக்கு டிரம் எல்லாம் நிறைந்துவிட்டது. இன்னும் நல்ல தண்ணீர் பழைய தொட்டியில் இருந்தது. பினாயில் டிரம் போனதால் ஒரு பாத்திரம் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடை திறக்கவில்லை. நான்தான் யோசனை சொன்னேன். இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி என் வீடு. கல்யாணச் சீராக வந்த பெரிய அண்டா பரணில் கிடந்தது. பேச்சியம்மாளுக்கு, என் மனைவிக்கு, ஃபோன் போட்டு, "நல்ல தண்ணி ஊத்தி வைக்கணும், அண்டாவச் சுத்தமா விளக்கிக் குடுத்து விடு" என்றேன். இசக்கி போய் எடுத்து வந்தான். புளி போட்டு விளக்கி, மேலே வெள்ளைத் துண்டு கட்டி அனுப்பியிருந்தாள். சுத்தமான செம்பு அண்டா.

படிக்கிறவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் 'அடப்பாவி' என்றிருப்பார்கள். சொல்லுங்கள், எனக்கு அது வேண்டியதுதான். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேடம் துண்டை விலக்கி, உள்ளே கையால் தடவிப் பார்த்தார்.

"அம்மாடி, எப்படிப் பளபளன்னு இருக்கு. எங்க வீட்டுலயும் குடிக்கத் தண்ணி செம்புலதான் வைப்போம்" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மிச்சத் தண்ணீரை அண்டா நிறைய ஊற்றினோம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சொப்பனம் மாதிரி. ஜன்னல் சாத்தியிருந்தது, கண் கூசாதபடி விளக்கையும் மங்கலாக்கியிருந்தோம். பாறைகளை ஒவ்வொன்றாக இறக்கி, தண்ணீர் சுற்றிவர இடைவெளி விட்டு அடுக்கினோம். உயிர்கள் இருந்த டப்புகளுக்குப் புதுத் தொட்டித் தண்ணீரை மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டோம். குழாயில் ஒரு முடிச்சு, அதை இறுக்கினால் சொட்டு குறையும். மூன்று மணி நேரம் அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.  இசக்கியே வாயை மூடிக்கொண்டிருந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு டிரம் தண்ணீரையெல்லாம் ஊற்றி, கடைசியாக அண்டாத் தண்ணீரையும் ஊற்றி நிரப்பினோம். கடற்சாமந்தி பாதி விரிந்திருந்தது. மீன் இரண்டும் மோந்து பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தன.

"ஒரு கொறையும் இல்லாம முடிஞ்சிட்டு" என்றார் மேடம்.  யார் பார்த்தாலும் தாங்குமா என்று கேட்டீர்களே, பார்த்தீர்களா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை கதவைத் திறந்ததும் வாசனை மாறியிருந்தது. நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று மல்லாந்து கிடந்தன. இறால்களில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, தேடினால் பாறை இடுக்கில் வெளுத்துக் கிடந்தன. பவளத்தின் பூ மொட்டுகள் எல்லாம் மூடியிருந்தன. கடற்சாமந்தி வாய் பிளந்து, ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. மீன்கள் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல நீந்திக்கொண்டிருந்தன.

மேடம் வந்து பார்த்தார்.  உப்பு பார்த்தார், சரி. சூடு சரி. கழிவு பார்த்தார், அதுவும் சரி. நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தார். அன்றைக்கும் மறுநாளும் அங்கேயேதான் இருந்தார்.

"என் பேராசை செல்லையா. நல்லா இருந்தத நான்தான் கெடுத்துட்டேன். போற காலத்துல இது எனக்கு எதுக்கு?" என்றார். மறுபடி மறுபடி அதையே சொன்னார். அவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. பத்து நாளில் ஓய்வு. அத்தனை வருஷம் வளர்த்ததைக் கொன்றுவிட்டுப் போகிறோம் என்று அந்த மனுஷி நினைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் பொழுது சாய வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் பேச்சியம்மாள், திருப்பி அனுப்பியிருந்த அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"இங்கன வந்து பாருங்க. எப்படிக் களிம்பு ஏறிக் கெடக்குன்னு" என்று அண்டாவை நிமிர்த்தினாள். உள்ளே, தண்ணீர் நின்ற உயரம் வரைக்கும் பச்சைப் பசேலென்று களிம்பு. "என்னத்தங்க ஊத்துனீங்க இதுல?"

"கடல் தண்ணி."

"உப்புத் தண்ணியா!" அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். "செம்புல யாராவது ஊறுகா போடுவாங்களா? மோரு வைப்பாங்களா? நல்ல தண்ணின்னுல்லா சொன்னீங்க. குடிக்கிறதுக்கோன்னு நெனச்சேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேம்லா!"

 அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். செம்பு. எலும்பில்லாத கடல் பிராணிகளுக்குச் செம்பு விஷம் என்பது எனக்கே தெரியும். மேடம் பாடம் நடத்தும்போது நான்தான் செம்பு உப்பான மயில்துத்தப் புட்டியை எடுத்துக் கொடுப்பேன். அலமாரியில் விஷம் என்று ஒட்டின புட்டிக்குள் இருந்தது செம்பு. பேச்சியம்மாள் விளக்கிக் கொடுத்தது அண்டா. இரண்டும் ஒன்று என்று என் மண்டைக்கு ஏறவில்லை.

சைக்கிளை எடுத்தேன். பாதி வழியில் ஒரு டீக்கடை. அங்கே நின்றேன், டீ சொன்னேன், குடிக்கவில்லை. இதை நான் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று அங்கே உட்கார்ந்து யோசித்தேன். சொன்னால் அவர் நினைத்தது சரியாகிவிடும். நான் தப்புப் பண்ணுகிறவன் என்று அவர் அன்றைக்கே கணித்துவிட்டார், நான் அவர் கண் முன்னாலேயே அதைச் செய்தும் காட்டிவிட்டேன். சொல்லாவிட்டால் அவர் தன் பேராசை என்றே நினைத்துக்கொண்டு போவார். நான் தப்பித்துக்கொள்வேன். ஆனால் என்ன விஷம் என்று தெரியாமல் மருந்து கிடையாது. மிச்சம் இருக்கிறதும் செத்துப்போகும். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போனேன். மேடம் அதே நாற்காலியில் இருந்தார். நின்றபடியே சொன்னேன். "மேடம், அண்டா. செம்பு அண்டா. உள்ள பூரா களிம்பு பிடிச்சிருக்கு."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். எழுந்து போய் ஒரு சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, செம்பு இருந்தால் நீலமாக்கிக் காட்டும் மருந்தைச் சொட்டு விட்டார். தண்ணீர் மெல்ல நீலமாயிற்று. நீலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நானும் பாத்தேனே செல்லையா" என்றார். "துண்ட வெலக்கிப் பாத்தேனே. பளபளன்னு இருக்குன்னு வாயால சொன்னேனே. இத்தன வருஷமா போர்டுல எழுதிப் போடுதேன், செம்பு நஞ்சுன்னு. பினாயில் டிரம்ம மோந்து தள்ளினேன். இத கையால தடவிப் பாத்தேன்." சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எனக்கும் அடக்க முடியவில்லை. "எனக்காகத்தான பெரிய தொட்டி வாங்குனீங்க. நீங்க நெனச்சது சரியாப் போச்சு மேடம்" என்று சொல்லிவிட்டேன். அத்தனை மாதம் அடக்கி வைத்திருந்தது.

அவர் திகைத்துப் போனார். "அடக் கடவுளே. அப்படியா நெனச்சுக்கிட்டிருந்தீங்க?" என்றார். சோதனைக் குழாயை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, "சின்னத் தொட்டியில இந்தத் தண்ணிய ஊத்தியிருந்தா நேத்தே எல்லாம் முடிஞ்சிருக்கும். இன்னும் பாதி இருக்குன்னா தண்ணி ஜாஸ்தியா இருக்கதாலதான். எனக்குத்தான் அது வேண்டியிருந்திருக்கு, உங்களுக்கு இல்ல" என்றார்.

பிறகு அவர் கை காலுக்கு உயிர் வந்துவிட்டது. விஷத்தை உறிஞ்சும் கரி மூட்டையை எடுத்து வடிகட்டியில் போடச் சொன்னார். கடற்சாமந்தியைப் பாறையோடு எடுத்து, கேனில் மிச்சம் வைத்திருந்த புதுக் கடல் தண்ணீரை ஒரு டப்பில் ஊற்றி அதில் தனியாக வைத்தோம். விடிந்ததும் இசக்கியை அழைத்துக்கொண்டு மணப்பாட்டுக்குக் கிளம்பினேன்.

மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று தொடங்கியிருந்தது. கரைத் தண்ணீர் மணல் கலங்கிக் கிடந்தது. எப்போதும் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற அந்தோணி அண்ணாச்சி கடலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இந்தக் காத்துல எவன்வே உள்ள போவான்? மீனு பிடிக்கவே போகல" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் காதில் வாங்கிக்கொண்டு, கேனை எண்ணி வள்ளத்தில் ஏற்றச் சொன்னார். "தண்ணி பிடிக்கப் போறேம்னு எவன்கிட்டயும் சொல்லிராதேரும். சிரிச்சே கொன்னுருவானுவ" என்றார். ஓங்கி எழும் அலைகளைத் தாண்டி, தெளிந்த இடம் வரை போய் நிரப்பி வந்தார்.

திரும்பும் வழி எனக்கு மறக்காது. லோடு ஆட்டோவின் பின்னால் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். கேன்களுக்குள் கடல் தளும்பிக்கொண்டே வந்தது. உடை மரம் போய்த் தென்னை வந்தது, தென்னை போய் வாழை வந்தது, வாழைக்குப் பின்னால் ஆறு வந்தது. ஆறு கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது, நாங்கள் கடலைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு எதிராக மேலே வந்துகொண்டிருந்தோம். இரண்டு நாளாகத் தூங்காத கண்ணுக்கு எது தண்ணீர் எது வயல் என்று தெரியவில்லை. உப்புத் தண்ணீர் தெறித்துச் சட்டையெல்லாம் விறைத்துப் போயிருந்தது. அந்த நேரம் நான் வேண்டாத சாமி இல்லை.

மூன்று நாள் மூன்று நடை. தினமும் தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றினோம். குழாயில் நீலம் ஒவ்வொரு நாளும் வெளிறிக்கொண்டே வந்து, ஐந்தாம் நாள் ஒன்றும் இல்லாமல் போயிற்று. பவளங்களில் இரண்டு கற்கள் போய்விட்டன. நத்தை, இறால் ஒன்றும் மிஞ்சவில்லை. மற்றப் பவளங்கள் மெல்ல மெல்ல மொட்டு திறந்தன. மேடம் வனத்துறைக்குக் கடிதம் எழுதினார். அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினார். செம்புப் பாத்திரம், கொண்டுவந்தது உதவியாளர், பார்த்து அனுமதித்தது துறைத் தலைவர் என்று இருந்தது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

கடற்சாமந்தி மட்டும் விரியவில்லை. புதுத் தொட்டியில் திரும்ப வைத்தோம். வெளுத்து, சூம்பி, பாறையைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. இறால் சதையை இடுக்கியில் வைத்து நீட்டினால் வாங்கவில்லை. மீன்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, பம்பு ஓரத்தில் போய் ஒண்டிக்கொண்டன.

மேடத்தின் கடைசி நாள் வந்தது. சால்வை போட்டார்கள், நாலு பேர் பேசினார்கள். சாயங்காலம் ஆய்வகத்துக்கு வந்து கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனி நான் இங்கன வரமாட்டேன் செல்லையா. நான் வந்தா நீங்க என் மொகத்தப் பாப்பீங்க, தொட்டியப் பாக்க மாட்டீங்க. இது பொழச்சாச் சொல்லுங்க. இல்லாட்டி ஃபோன் பண்ண வேண்டாம், நான் புரிஞ்சுக்கிடுதேன்" என்றார். கல்லிடைக்குறிச்சியில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜூன் போயிற்று. கல்லூரி திறந்து பிள்ளைகளின் சத்தம் வந்தது. நான் ஃபோன் பண்ணவில்லை. ஒவ்வொரு நாளும் அவர் அங்கே உட்கார்ந்து, இன்றைக்கும் மணி அடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார் என்பது எனக்குத் தெரியும்.  சாப்பாடு இறங்கவில்லை. பேச்சியம்மாள் கட்டிக் கொடுக்கிற டிபன் பாக்ஸைப் பாதி நாள் அப்படியே திருப்பிக் கொண்டு போவேன். அவள் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்க மாட்டாள். அண்டாவைப் பற்றி அவளும் பேச்செடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. தினமும் மத்தியானம் கையைக் கழுவி, இறால் சதையைக் கடுகளவு நறுக்கி, இடுக்கியில் நீட்டுவேன். சதை விழுந்துவிடும். மீன் வந்து தின்றுவிட்டுப் போகும்.

ஆடி பிறந்து சாரல் விழுந்த ஒரு நாள், மணி ஒன்றரை இருக்கும். வழக்கம் போல நீட்டினேன். சதை விழவில்லை. முதலில் பாறையில் சிக்கிக்கொண்டது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். ஒரே ஒரு விரல் அதைப் பிடித்திருந்தது. பிறகு இன்னொரு விரல் வந்து சேர்ந்தது. பைய, பைய, அதை வாய்க்குக் கொண்டு போயிற்று.  வாய் மூடி முடிக்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈரக் கையோடு ஃபோனை எடுத்தேன். முதல் மணி அடிக்கும்போதே எடுத்துவிட்டார்.

"மேடம், சாப்ட்டுட்டு" என்றேன்.

  காதை ஒட்ட வைத்துக் கேட்க வேண்டிய அந்தக் குரல் வந்தது.

"நீங்க சாப்ட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"அதான் அது சாப்ட்டுட்டுல்லா. போங்க, போய்ச் சாப்பிடுங்க மொதல்ல."

டிபன் பாக்ஸை எடுத்து வந்து தொட்டி முன்னாலேயே உட்கார்ந்தேன். புளியோதரை. அழுதுகொண்டே முழுசும் சாப்பிட்டேன்.